ஒரு லெக் ஓஷன் ரேஸ் போயிட்டு வந்தா ஆளே மாறிடுவாங்கன்றது நெஜமா?

ரெடிங்_ராசு:

வணக்கம் மக்களே. நான் யூகேல இருக்கேன், சொந்த ஊர் ஈரோடு பக்கம், ஐடி வேலை, வயசு நாப்பதைத் தொடப்போகுது. எங்க டீம்ல ஒரு வெள்ளைக்காரர் ரெண்டு வருஷம் முன்னாடி கிளிப்பர் ரேஸ்ல ஒரு லெக் போயிட்டு வந்தார். தெரியாதவங்களுக்கு, இது உலகத்தைச் சுத்துற பாய்ப்படகு போட்டி, 70 அடி படகு, மொத்தம் சுமார் 40,000 கடல் மைல், கிட்டத்தட்ட பதினோரு மாசம், எட்டு லெக்கா பிரிச்சிருப்பாங்க, காசு கட்டி ட்ரெய்னிங் முடிச்சா நம்மள மாதிரி படகே ஏறாத ஆளும் போகலாம், படகுத் தலைவரான ஸ்கிப்பரும் அவருக்கு அடுத்த மேட்டும் மட்டும் தொழில் தெரிஞ்சவங்க. இந்த மனுஷன் போறதுக்கு முன்னாடி மீட்டிங்ல வாயைத் திறந்தா மூட மாட்டார், அடுத்தவன் பாதி சொல்றதுக்குள்ள பாய்ஞ்சிடுவார். வந்த பிறகு பாத்தா எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் உக்காந்து கேக்குறார், ப்ரொடக்‌ஷன்ல சர்வர் விழுந்தாக்கூட டீ குடிச்சிட்டே "சரி, முதல்ல எதைப் பாக்கணும்" ங்கறார். அதுல இருந்து எனக்கு ஒரே அரிப்பு, நாமளும் போனா என்னன்னு.

போயிட்டு வந்தவங்க எழுதுறதைப் படிச்சா எல்லாருமே "நான் இப்ப வேற மனுஷன்" டைப்புலயே எழுதுறாங்க. அதான் சந்தேகமா இருக்கு. வீட்டுக்காரம்மா கிட்ட சொன்னேன், போறதுன்னா போ, ஆனா எதுக்குப் போறன்னு ஒரே வாக்கியத்துல சொல்லிட்டுப் போன்னுட்டா. சொல்ல முடியல. யாராவது நெஜமா போனவங்க, இல்ல இதைப் பத்தி தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. கடல் மனுஷனை மாத்துமா, இல்ல இதெல்லாம் காசு கட்டினதுக்கு நாமளே சொல்லிக்கிற சமாதானமா?

செகண்ட்மேட்_தூத்துக்குடி:

தம்பி, நான் மெர்ச்சன்ட் நேவில ரொம்ப காலம் ஓட்டிட்டு இப்ப கரையில உக்காந்திருக்கவன். பாய்ப்படகு ரேஸ் போனதில்ல, அதை மொதல்லயே சொல்லிடுதேன். ஆனா நீங்க சொல்லுத கிளிப்பர் ரேஸை ஆரம்பிச்சாரே ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், அவரு எங்க ஜாதி, மெர்ச்சன்ட் நேவி ஆபீசர். 1968ல சண்டே டைம்ஸ் பத்திரிகை வச்ச கோல்டன் குளோப் ரேஸ், தனி ஆளா எங்கயும் நிக்காம உலகத்தைச் சுத்தணும், ஒம்பது பேர் கெளம்பினாங்க, முடிச்சது இவரு ஒருத்தர்தான். படகு பேரு சுஹைலி, 32 அடி, நம்ம பம்பாயில தேக்குல கட்டுனது. ஜூன் 14 இங்கிலாந்து ஃபால்மவுத்ல கெளம்பி 1969 ஏப்ரல் 22 அதே ஊருல வந்து நின்னாரு, 312 நாள். அப்ப வயசு முப்பது.

உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லுத விஷயம் ஒண்ணு இருக்கு. போறதுக்கு முன்னாடி அவரை ஒரு மனநல டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போயி பாக்க வச்சாங்க, திரும்பி வந்தப்புறமும் அதே மாதிரி பாக்க வச்சாங்க. ரெண்டு தடவையும் டாக்டர் சொன்னது ஒண்ணுதான், இந்த ஆளு வருத்தப்படுத அளவுக்கு நார்மல்னு. பத்து மாசம் தனியா கெடந்து, ரேடியோ செத்து பல மாசம் அவரு உயிரோட இருக்காரான்னே ஊருக்குத் தெரியாம கெடந்து, வந்து எறங்கினா அதே ஆளு.

ரேஸ் ஆரம்பத்துலயே படகு அடிப்பக்கம் பலகை சந்துல தண்ணி கசிய ஆரம்பிச்சிட்டு. நடுக்கடல்ல மூச்சைப் பிடிச்சு முங்கி முங்கி சந்துல பஞ்சை அடைச்சு மேல செப்புத் தகட்டை ஆணி அடிச்சாரு. வெள்ளை உடம்பு சுறா கண்ணுல படக்கூடாதுன்னு சட்டையும் ஜீன்ஸும் மாட்டிக்கிட்டு எறங்கினாராம், அப்படியும் ஒண்ணு சுத்த ஆரம்பிச்சிட்டு, மேல ஏறி ரைஃபிளால சுட்டுட்டு, வேற சுறா வருதான்னு பாத்துட்டு திரும்ப எறங்கி மிச்ச வேலையை முடிச்சாரு. அங்க வளர்ச்சி கிளர்ச்சி ஒண்ணும் நடக்கல. தகடு அடிக்கத் தெரிஞ்ச ஆளு தகடு அடிச்சாரு, அவ்வளவுதான். உள்ள என்ன இருக்கோ அதைத்தான் கடல் வெளிய எடுக்கும், புதுசா ஒண்ணும் வச்சு அனுப்பாது. இது என் அபிப்பிராயம்.

கணக்குப்புள்ள:

அண்ணே சொன்ன அதே ரேஸ்ல இன்னொருத்தர் கதையும் இருக்கு, அதை யாரும் மோட்டிவேஷன் வீடியோல போட மாட்டாங்க. டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வச்சு நொடிச்ச நிலைமை, வீடு வரைக்கும் அடமானம், ரேஸ்ல பேர் வாங்கினா எல்லாம் சரியாயிடும்னு நம்பி கெடு தேதி அக்டோபர் 31 கடைசி நாள் அன்னைக்கு அரைகுறை படகுல கெளம்பினார். கொஞ்ச நாள்லயே தெரிஞ்சு போச்சு இந்தப் படகு அண்டார்டிகாவைச் சுத்தின தெற்குக் கடலைத் தாங்காதுன்னு. திரும்பினா திவால், போனா சாவு. அதனால அட்லாண்டிக்லயே சுத்திக்கிட்டு உலகத்தைச் சுத்துற மாதிரி ரேடியோல பொய்க் கணக்கு அனுப்பினார். அவர் துரத்துறார்னு நம்பி முன்னாடி போயிட்டிருந்த நைஜல் டெட்லி படகை விரட்டு விரட்டுன்னு விரட்டி அது அசோர்ஸ் தீவுகள் பக்கத்துல முழுகிடுச்சு, டெட்லியைக் காப்பாத்திட்டாங்க. முதல்ல வந்தது நாக்ஸ்-ஜான்ஸ்டன்னாலும், குறைஞ்ச நாள்ல சுத்தினவருக்குன்னு தனிப் பரிசு இருந்துச்சு, இப்ப க்ரோஹர்ஸ்ட் அதை ஜெயிக்கிற நிலைமை, ஜெயிச்சா படகோட பயணக் குறிப்பு, லாக் புக்கைத் திறந்து பாப்பாங்க. 1969 ஜூலை 10 அவர் படகைக் கண்டுபிடிச்சப்ப உள்ள ஆள் இல்ல, நோட்டு நோட்டா எழுதினது மட்டும் இருந்துச்சு. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைச்ச அந்தப் பரிசு 5,000 பவுண்டை அப்படியே அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துட்டார், அதுக்காகவே அந்த மனுஷனைக் கும்பிடலாம்.

ராசு ப்ரோ, உங்களை அவரோட ஒப்பிடல, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போறது பயிற்சி குடுத்து இருபது பேரோட, அது வேற. ஆனா கரையில ஏதோ ஒண்ணு சரியில்லன்னு கடலுக்குப் போறீங்கன்னா அந்த ஒண்ணு கூடவே படகு ஏறும். வேலை போரடிக்குதா, நாப்பது வயசு பயமா, அதை முதல்ல பாருங்க. முழு ரவுண்டுக்கு ஆகுற காசு அங்க ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டுற அளவு வரும்னு கேள்வி, சேமிப்பைக் கரைச்சுட்டுப் போயி "மாறிட்டேன்"னு சொல்லாம இருக்க யாருக்குத்தான் தைரியம் வரும்?

வன்னிக்காரி_லண்டன்:

ராசு அண்ணா, நான் போனனான். 2018இல, சீனாவில கிங்டாவோவில இருந்து அமெரிக்காவில சியாட்டில், வட பசிபிக் லெக். கிட்டத்தட்ட ஒரு மாதம். நான் தாதி, ஹொஸ்பிற்றல்ல நைட் டியூட்டி செய்து பழகினனான், அதால நித்திரை முழிக்கிறது ஒரு பிரச்சினையா இருக்காது எண்டு நினைச்சுத்தான் ஏறினன். பகலில ஆறு மணித்தியாலம் வேலை ஆறு ஓய்வு, இரவில நாலு நாலு. ஓய்வு எண்டு பேர்தான், அதுக்குள்ள ஈர உடுப்பைக் கழட்டி, சாப்பிட்டு, படுத்து, திரும்ப எழும்பி அந்த ஈர உடுப்பையே போடவேணும். படுக்கிற கட்டிலும் உங்கட இல்லை, நீங்க எழும்பிப் போக அடுத்த வாட்ச் ஆள் வந்து அந்தச் சூட்டிலயே படுப்பார்.

நீங்க கேட்ட மாற்றம் எங்க நடக்குது எண்டு கேட்டா, புயலில இல்லை. புயலில எல்லாரும் நல்லவை. ஸ்கிப்பர் கத்துவார், நாங்க இழுப்பம், பயப்பிட நேரமே இல்லை. எனக்குக் கஷ்டமா இருந்தது குசினி. முறை வைச்சு ஒரு நாள் ரெண்டு பேர் சமைக்க வேணும், அதை மதர் வாட்ச் எண்டு சொல்லுறது, இருபது பேருக்கு மூண்டு நேரமும் சாப்பாடு, பாணும் நாங்களே சுடவேணும், படகு ஒரு பக்கமா சரிஞ்சபடியே ஓடும், அடுப்பு மட்டும் ஆடி ஆடி நேரா நிக்கும், நாங்க இடுப்பில பட்டியைக் கட்டிக்கொண்டு சுவரில சாய்ஞ்சு நிண்டு கிளறுவம். என்னோட சோடி சேர்ந்தவர் ஒரு ஓய்வு பெற்ற ஆள், பேர் வேண்டாம். வந்த முதல் நாளில இருந்து எனக்கு அவரைக் கண்ணில காட்டக்கூடாது, தன்ர மேஸை, அதுதான் சொக்ஸை, காய வைக்கிறன் எண்டு எஞ்சின் பக்கத்தில எல்லா இடத்தையும் பிடிச்சு வைப்பார், மற்ற ஆக்கள் என்ன செய்யிறது? நான் ஹொஸ்பிற்றல்ல இப்பிடி ஆக்களைக் கண்டா ஷிஃப்ட் மாத்தி ஒதுங்கிப் போற ஆள். அங்க எங்க ஒதுங்கிறது, 70 அடி, சுத்திவர தண்ணி.

ஒரு நாள் கஞ்சிப் பானை கொதிக்கக் கொதிக்கச் சரிஞ்சு வந்தது. அந்த மனுசன் தன்ர முழங்காலால அதைத் தடுத்து நிப்பாட்டிப் போட்டு, ரப்பர் களிசான் போட்டிருந்தபடியால சுடேல்லை, ஒரு சத்தமும் போடாம "உப்புக் காணாது" எண்டார். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பில சத்தி எடுத்துக்கொண்டு கிடந்த ஆக்களும் எழும்பி வந்து பார்த்தவை. பிறகு அவரிட்ட நேராவே சொன்னன், மேஸ் ரெண்டு சோடி மட்டும் வையுங்கோ எண்டு. சரி எண்டார். அவ்வளவுதான் பிரச்சினை! ஒரு மனுசரிட்ட நேரா ஒரு விசயம் கதைக்கிறது எனக்கு அதுவரைக்கும் வராது, வீட்டிலயும் வராது. இப்ப வருது. இதைத்தான் நான் வளர்ச்சி எண்டு சொல்லுவன், ஃபேஸ்புக்கில போட ஏலாத அளவு சின்ன விசயம்.

செகண்ட்மேட் அண்ணா சொல்லுற "உள்ள இருக்கிறதுதான் வெளிய வரும்" எண்டதை நான் முழுசா ஒத்துக்கொள்ள மாட்டன். நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனிய போனவர். தனிய போறவருக்கு எதிரில ஆள் இல்லை. எங்களுக்கு இருந்தது.

இன்னொண்டு, ஆபத்தைக் குறைச்சு நினையாதேங்கோ. நான் போன அதே ரேஸில, 2017 நவம்பரில தெற்குக் கடலில ஒருவர் படகில இருந்து விழுந்து இறந்தவர். கயிறு கட்டித்தான் இருந்தவர், ஆனா கொக்கி ஒரு இடத்தில சிக்கி வளைஞ்சு திறந்திட்டுது. நாங்க ஏறேக்க எல்லாருக்கும் அது தெரியும். படி ஏறி மேல வர முதலே கொக்கியைப் போடுறது, போட்டதை ஒருக்கா இழுத்துப் பார்க்கிறது, அது எனக்குக் கையிலயே ஊறிப் போச்சு.

டிராக்கர்_பைத்தியம்:

சூப்பர் பதிவு அக்கா. நான் கரையில உக்காந்து ரேஸ் டிராக்கரை ரெஃப்ரெஷ் பண்ற கோஷ்டி, கடல்ல கால் நனைச்சது மெரினாவோட சரி. ஆனா அபிலாஷ் டோமி பத்தி யாரும் பேசலையேன்னு ஆதங்கமா இருக்கு, அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நம்ம நேவில ஆபீசரா இருந்தவர், கேரளாக்காரர், 2012-13ல தனி ஆளா எங்கயும் நிக்காம உலகத்தைச் சுத்தின முதல் இந்தியர். 1968 ரேஸோட ஐம்பதாவது வருஷத்துக்காக 2018ல அதே ரேஸை பழைய ஸ்டைல்லயே திரும்ப நடத்தினாங்க, ஜிபிஎஸ் கூடாது, செக்ஸ்டன்ட் வச்சு சூரியனைப் பாத்துதான் எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்கணும், ஜிபிஎஸ் பொட்டியை சீல் வச்சுக் குடுப்பாங்க எமர்ஜென்சிக்கு மட்டும். அபிலாஷ் படகு துரியா, செகண்ட்மேட் அண்ணன் சொன்ன சுஹைலியோட அச்சு அசல் காப்பி, கோவால கட்டினது. செப்டம்பர் 21, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல புயல், படகு உருண்டு பாய்மரம் ஒடிஞ்சு இவருக்கு முதுகெலும்பு போச்சு. எழுந்திரிக்க முடியல, டெக்ஸ்ட் மெசேஜ் மட்டும் அனுப்புறார். மொரீஷியஸ்ல இருந்து நம்ம நேவியோட பி-8ஐ விமானம் போயி படகைப் பாத்துட்டு வந்துச்சு, அப்ப அந்த விமானங்களுக்கு வீடு நம்ம அரக்கோணம்தான், அதை நெனச்சா ஒரு பெருமை. மூணு நாள் கழிச்சு ஓசிரிஸ்னு ஒரு பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் வந்து தூக்குச்சு. முதுகுல டைட்டானியம் கம்பி வச்சு திரும்ப நடக்கப் பழகினார்.

அந்த ஆளு 2022 செப்டம்பர்ல அதே ரேஸுக்குத் திரும்பப் போனார். அதே கடல். ஓட்டையும் உடைசலுமா ஆயிருச்சு படகு, காத்தை வச்சு தானா சுக்கானைப் பிடிக்கிற விண்ட்வேன் உடைஞ்சு, படகுக்குள்ள இருந்த கதவைக்கூட அறுத்து அதுக்குப் பலகை செஞ்சார். 236 நாள், இரண்டாவது இடம். நான் பாத்த வரைக்கும் அவர் பேட்டியில "கடல் என்னை மாத்திடுச்சு"ன்னு உருகுறதே இல்ல, கிண்டலாத்தான் பேசுறார்.

முதல் இடம் வந்தவங்க கதை இன்னும் ஒரு படி மேல. கிர்ஸ்டன் நோய்ஷேஃபர், தென்னாப்பிரிக்கா. நவம்பர் மாசம் ஃபின்லாந்துக்காரர் டாபியோ லெஹ்டினென் படகு சில நிமிஷத்துல முழுகிடுச்சு, அவர் லைஃப் ராஃப்ட்ல கெடக்கார், நூறு மைல் சொச்சம் தள்ளி இவங்க. ராத்திரி முழுக்க கையால சுக்கானைப் பிடிச்சு ஓட்டிட்டுப் போனாங்க. கிட்ட போயும் அலையில ராஃப்ட் கண்ணுக்குத் தெரியல, அவருக்கு இவங்க பாய் தெரியுது, இவங்களுக்கு அவர் தெரியல. எப்படியோ கண்டுபிடிச்சு ஏத்தி, ரெண்டு பேரும் கொஞ்சம் ரம் குடிச்சாங்களாம், அப்புறம் அந்தப் பக்கம் வந்த சரக்குக் கப்பல்ல அவரை ஏத்தி விட்டுட்டு இவங்க ரேஸைத் தொடர்ந்தாங்க. 2023 ஏப்ரல் 27 ரேஸ் முடியுற பிரான்ஸ் ஊரு லெ சாப்ல் தொலோன் வந்து சேர்ந்தப்பதான் ஜெயிச்சதே தெரிஞ்சுதுன்னு சொன்னாங்க. டிராக்கர்ல எங்களுக்கு எல்லாம் தெரியும், அவங்களுக்கு மட்டும் தெரியாது!

ராசு அண்ணே, உங்க டீம் ஆளு சர்வர் விழுந்தா டீ குடிக்கிறார்னீங்களே, அது இந்த ரகம்னு நெனக்கிறேன். மாறினாரோ இல்லையோ, இதைவிடப் பெரிய சிக்கலைப் பாத்துட்டார், அவ்வளவுதான்.

செகண்ட்மேட்_தூத்துக்குடி:

வன்னிக்காரி தங்கச்சி சொன்னது ஞாயம். தனியா போறதும் கூட்டமா போறதும் வேறதான். நாங்களும் கப்பல்ல ஒரே மெஸ்ல மாசக்கணக்குல ஒரே மூஞ்சிகளைப் பாத்தவங்கதான், ஆனா எங்களுக்குத் தனி கேபின் உண்டு, கதவைச் சாத்திக்கிடலாம்.

ஒண்ணு விட்டுப்போச்சு. 1968 ரேஸ்ல மொய்தெஸ்ஸியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, நல்ல வேகமா வந்துக்கிட்டிருந்தாரு, ஜெயிச்சிருக்கக்கூட வாய்ப்பு. நேரா ஐரோப்பா திரும்பாம, கேப் டவுன் பக்கத்துல ஒரு கப்பலுக்கு கவண் வச்சு லெட்டரை வீசி, கடல்ல சந்தோஷமா இருக்கேன், என் ஆத்மாவைக் காப்பாத்திக்கிடப் போறேன்னு சொல்லிட்டு இன்னொரு பாதி உலகத்தைச் சுத்தி டஹிடி போயிட்டாரு. அவரைப் பெரிய ஞானி மாதிரி கொண்டாடுதாங்க. எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லல. ஆனா பிரான்ஸ்ல பொஞ்சாதி காத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு என்ன வளர்ச்சி? எங்க வீட்டுல நான் இல்லாத மாசமெல்லாம் கேஸ் சிலிண்டருல இருந்து பிள்ளைக காய்ச்சல் வரைக்கும் அவ ஒருத்தி பாத்தா. என்னைவிட அவதான் ஆளா மாறுனா, கேட்டா ஊரே சொல்லும். தம்பி, உங்க வீட்டுக்காரம்மா கேட்ட கேள்வியைச் சும்மா விட்டுடாதீங்க.

ரெடிங்_ராசு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனக்கல. கணக்குப்புள்ள ப்ரோ, சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா சரிதான், முழு ரவுண்டு ஆசையை விட்டுட்டேன், ஒரே லெக் மட்டும்தான் யோசனை. அண்ணன் எழுதினதை வீட்டுல படிச்சுக் காட்டினேன். நீ இல்லாத அந்த ஒரு மாசம் எங்க அம்மா இங்க வந்து இருக்கட்டும், டிக்கெட் நீ போடுன்னுட்டா. ஒரே வாக்கியத்துல பதில் இன்னும் கேக்குறா.

அக்கா, ரெண்டு விஷயம். முதல்ல ட்ரெய்னிங் மட்டும் போயிட்டு முடிவெடுக்கலாமா? அப்புறம் நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். சமாளிக்கலாமா?

வன்னிக்காரி_லண்டன்:

ட்ரெய்னிங் நாலு லெவல், இங்கிலாந்தின்ர தென்கரையில கொஸ்போர்ட்டில. குளிர்காலத்தில ஒரு கிழமை லெவல் ஒண்டு செய்யுங்கோ, வெயில் காலத்தில போய் அது நல்லா இருக்கு எண்டு ஏமாறாதேங்கோ. கடல் சத்தி வருதா, மூண்டாம் நாள் விடியப்புறம் ஆக்களோட எப்பிடிக் கதைக்கிறீங்க எண்டு அங்கயே விளங்கிடும். காசு நிபந்தனை எல்லாம் கையெழுத்து வைக்க முதல் வடிவாக் கேளுங்கோ, இடையில நிண்டா என்ன திரும்பக் கிடைக்கும் எண்டு.

சைவம் பிரச்சினை இல்லை, எங்கட படகில நாலைஞ்சு பேர் சைவம். ஆனா டின் கடலையும் பாஸ்தாவும் திரும்பத் திரும்ப வரும், முட்டை முதல் கிழமையோட முடிஞ்சிடும். நான் ஒரு போத்தல் மிளகாய்த்தூள், எங்கட வறுத்த தூள், கொண்டு போனனான். ரெண்டாம் கிழமை முழுப் படகும் அதைக் கேட்டுக்கொண்டு வந்தது, ஸ்கிப்பர் உட்பட. ரெண்டு போத்தல் கொண்டு போங்கோ, ஒண்டை ஒளிச்சு வையுங்கோ.

கணக்குப்புள்ள:

பருப்புப் பொடியும் எடுத்துக்கோங்க ப்ரோ. போகும்போது டிராக்கர் லிங்க் இங்க போடுங்க.